அர்த்துவா சீமை யாருக்குச் சேர வேண்டியது? மகளுக்கா, முன்பே இறந்த மகனின் மகனுக்கா?

ஏடுதேடி

நூறாண்டுப் போர் இழையில் பாதியில் நின்றுபோன பேச்சை இங்கே தனியாக எடுத்து வருகிறேன். "மூன்றாம் ரொபேருக்குச் சேர வேண்டிய அர்த்துவாவை அத்தைக்காரி மஹோ பறித்துக்கொண்டாள்" என்று அங்கே பலர் எழுதியிருந்தீர்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த மண்ணின் வழமைப்படி சீமை மஹோவுக்குத்தான் சேர வேண்டும், சேர்ந்தது என்பதே என் கட்சி.

முதலில் வம்சவழியைப் பார்த்துவிடுவோம். அர்த்துவா ஆதியில் தனிச் சீமை கிடையாது. பிரான்சின் வடக்கே ஃபிளாண்டர்ஸின் தென்பகுதி அது: அராஸ், சேன்-தொமேர், ஏர், ஏதேன், பாப்போம் ஆகிய ஊர்கள். ஃபிளாண்டர்ஸ் கவுன்ட் (சீமையை ஆளும் பிரபு) அல்சாஸ் பிலிப்புக்குப் பிள்ளை இல்லை. 1180இல் தன் தங்கை மகள் இசபெல்லை பிரெஞ்சு அரசர் பிலிப் ஒகுஸ்துக்குக் கட்டிக்கொடுத்தபோது, தன் காலத்துக்குப் பிறகு இந்தப் பகுதி அவளுக்குச் சேரும் என்று சீதனமாக எழுதிவைத்தார். 1191இல் சிலுவைப் போருக்குப் போன இடத்தில், ஆக்கர் முற்றுகையில் இறந்தார். இசபெல் அதற்கு முந்தைய ஆண்டே போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆகவே அர்த்துவா அவள் மகன், பின்னாளில் எட்டாம் லூயியான சிறுவனின் கைக்கு வந்தது.

எட்டாம் லூயி தன் உயிலில் அர்த்துவாவை இளைய மகன் ரொபேருக்கு ஒதுக்கினார். 1237இல் அண்ணன் ஒன்பதாம் லூயி அதை முறைப்படி ஒப்படைத்தார். இவர்தான் முதலாம் ரொபேர். 1250 பிப்ரவரியில் எகிப்தின் மன்சூராத் தெருக்களில் வெட்டுப்பட்டுச் செத்தார். அதே ஆண்டு, தகப்பன் முகம் பாராமல் பிறந்தவர் இரண்டாம் ரொபேர். அவர் 1302 ஜூலை 11 அன்று கூர்த்ரே போரில் ஃபிளாண்டர்ஸ் நெசவாளிகளின் ஈட்டிகளுக்கு நடுவே விழுந்தார்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பம். அவருடைய ஒரே மகன் பிலிப், 1297இல் ஃபூர்ன் போரில் பட்ட காயம் ஆறாமல் மறு ஆண்டே இறந்திருந்தார். மிஞ்சியவர்கள் இருவர்: மகள் மஹோ, பிலிப்பின் மகன் மூன்றாம் ரொபேர். அப்போது பையனுக்குப் பதினைந்து வயது. அர்த்துவா வழமையோ உயிரோடிருக்கும் பிள்ளைக்கே சொத்து என்றது. இறந்த பிள்ளையின் இடத்தில் பேரன் வந்து நிற்க முடியாது. இதில் மறைவு ஏதும் கிடையாது, அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரிந்த முறை.

குதிரைக்குளம்பு

ஏடுதேடி அண்ணா, வழமை இருந்தது சரி. அதைத் தூக்கிப்பிடித்தது யார், ஏன் என்று பார்க்க வேண்டாமா?

மஹோவின் கணவர் ஓத்தோ, பர்கண்டி கவுன்ட். இன்றைய ஃபிராஞ்ச்-கோம்தே அவருடையது. கடனில் மூழ்கிக் கிடந்த அந்த மனிதர் 1295இல் வேன்சேன் உடன்படிக்கையில் தன் சீமையையே பிரெஞ்சு அரசர் நான்காம் பிலிப்புக்கு எழுதிக் கொடுத்தார். மகள் ஜோன் அரசரின் மகனுக்கு மனைவியாவாள் என்பதும் அந்தப் பேரத்தில் அடக்கம். 1307இல் ஜோன் அரசரின் இரண்டாவது மகன் பிலிப்பை மணந்தாள். மறு ஆண்டு தங்கை பிளான்ஷ் மூன்றாவது மகன் சார்லைக் கட்டினாள். அதற்கடுத்த ஆண்டு, 1309 அக்டோபரில் தீர்ப்பு: அர்த்துவா மஹோவுக்கே. தீர்ப்புச் சொன்ன அரசர் யார்? மஹோவின் சம்பந்தி!

பையன் பக்கம் பாருங்கள். தகப்பன் அரசருக்காகப் போரிட்டுச் செத்தார், தாத்தாவும் அப்படியே, கொள்ளுத்தாத்தா அரசரின் தம்பியாகச் சிலுவைப் போரில் மடிந்தார். மூன்று தலைமுறை ரத்தம் சிந்திய வீட்டின் ஆண் வாரிசைத் தள்ளிவிட்டு, சம்பந்தம் செய்துகொண்ட வீட்டுக்குச் சீமையைக் கொடுத்தார்கள். இதை நியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வழக்குமன்றம்

இரண்டு பேர் சொல்வதையும் படித்தேன். இந்தக் கேள்வி அர்த்துவாவில் முளைத்ததல்ல. நூறு ஆண்டுக்கு முன்பே ஒரு பேரரசைப் பிளந்த கேள்வி இது.

1199இல் இங்கிலாந்தின் ரிச்சர்டு பிள்ளையில்லாமல் இறந்தார். கடைசித் தம்பி ஜான் உயிரோடு இருந்தார். ஜானுக்கு மூத்தவரான ஜெஃப்ரி முன்பே இறந்துவிட்டார், அவருக்கு ஆர்தர் என்று ஒரு மகன். தம்பி ஒரு படி நெருங்கியவர், ஆனால் ஆர்தர் மூத்த கிளை. நார்மண்டி ஜானை ஏற்றது. ஆன்ஷு, மேன், தூரேன் பிரபுக்கள் ஆர்தர் பக்கம் போனார்கள். ஒரே குடும்பத்துச் சொத்தில் சீமைக்குச் சீமை வேறு விடை. ஆர்தர் 1203க்குப் பிறகு சிறையிலிருந்து வெளியே தெரியவே இல்லை.

ஆகப் பிரான்ஸ் முழுமைக்கும் ஒரே சட்டம் என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். இறந்தவரின் பிள்ளை அவர் இடத்தில் நிற்கலாம் என்ற ஊர்கள் உண்டு. கிட்டிய உறவுக்கே முதலிடம் என்ற ஊர்களும் உண்டு. அர்த்துவா இரண்டாம் வகை. ரொபேர் தரப்பு வழமையே தவறு என்று வாதிடவில்லை, கவனித்தீர்களா? இருபது ஆண்டு கழித்து அவர் கொண்டுவந்த வாதம் வேறு: தாத்தா தனியாக எழுதிக்கொடுத்த பத்திரம் ஒன்று இருக்கிறது என்றார். வழமை தனக்கு எதிரானது என்று அவருக்கே தெரியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தோன்றவில்லை.

ஏடுதேடி

அக்கா சொன்னது சரியான இடத்தில் விழுந்தது.

தம்பி குதிரைக்குளம்புக்கு: அரசருக்கு ஆதாயம் இருந்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு பையனை விட்டுவிட்டீர்கள். மஹோவுக்கு ரொபேர் என்று ஒரு மகன் இருந்தான். 1302இலும் இருந்தான், 1309இலும் இருந்தான். தாய்க்குப் பிறகு அர்த்துவா அவனுக்குத்தான் போயிருக்கும். அரசர் வீட்டு மருமகள்களுக்குப் போகாது. 1317இல் அந்தப் பையன் இளவயதில் இறந்த பிறகுதான் ஜோன் வாரிசானாள். 1309இல் அமர்ந்து தீர்ப்பெழுதியவர்களுக்கு எட்டு ஆண்டு கழித்து வரப்போகும் சாவு தெரிந்திருக்க வழியில்லை.

அந்த மகனுக்கு மஹோ எழுப்பிய கல்லறைச் சிற்பம் இன்றும் செந்தனியில் அரசர்களின் கல்லறைகளோடு இருக்கிறது. ழான் பெப்பேன் என்ற சிற்பி செய்தது. கவச உடையில் படுத்திருக்கும் அந்த இளைஞன் முகத்தைப் படத்திலாவது பார்த்துவிடுங்கள். அதிகார வெறி பிடித்த கிழவி என்று மட்டும் மஹோவை எழுதுகிறவர்கள் அவசியம் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, ரொபேரை வெறுங்கையோடு அனுப்பவில்லை. நார்மண்டியில் போமோன்-ல-ரோஜே அவருக்குக் கிடைத்தது. அர்த்துவாவுக்கு முன் அது சிறியதுதான், ஒத்துக்கொள்கிறேன்.

தென்பெண்ணை

குறுக்கே ஒரு சந்தேகம். 1297இல் அர்த்துவாவை பியர் தகுதிக்கு உயர்த்தினார்கள் என்று படித்திருக்கிறேன். அதாவது முடிசூட்டு விழாவில் அரசரைச் சூழ்ந்து நிற்கும் உயர்பிரபுக்களின் வரிசை. பெண்ணுக்கும் அந்த இடம் உண்டா?

ஏடுதேடி

உண்டு. 1317 ஜனவரி 9, ரேன்ஸ் பேராலயம், ஐந்தாம் பிலிப்பின் முடிசூட்டு விழா. அர்த்துவாவின் பியர் என்ற முறையில் மஹோ மற்ற பியர்களோடு சேர்ந்து கிரீடத்தைத் தாங்கினார். பிரபுக்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. முடிசூடியவர் அவருடைய மருமகன், பக்கத்தில் அரசியாக நின்றவள் மகள் ஜோன்.

அந்த விழாவின் உள்ளே ஒரு முரண் இருக்கிறது. ஐந்தாம் பிலிப் எப்படி அரசரானார்? அண்ணன் பத்தாம் லூயி 1316இல் இறந்தார். அவருக்குப் பின் பிறந்த ஆண் குழந்தை முதலாம் ழான் ஐந்தே நாளில் போனது. லூயியின் மகள் ஒருத்தி உயிரோடிருந்தாள். அவளை ஒதுக்கிவிட்டுத்தான் சித்தப்பா பிலிப் அரியணை ஏறினார். மறு மாதமே, பெண் பிரான்சின் அரியணைக்கு வாரிசாகாள் என்று பாரிஸ் சபையில் அறிவித்தார்கள். மகள் என்ற உரிமையில் ஒரு சீமையை ஆண்டுகொண்டிருந்த மஹோ, மகளைத் தள்ளிவிட்டு வந்தவரின் தலைக்கு மேல் கிரீடம் பிடித்தார். சீமைக்கு ஒரு விதி, கிரீடத்துக்கு வேறு விதி. அந்தக் காலத்தார் அதில் இடறியதாகத் தெரியவில்லை.

குதிரைக்குளம்பு

அந்த இரண்டு சாவுகளிலும், லூயியிலும் குழந்தையிலும், மஹோவின் கை இருந்தது என்று அப்போதே பேசினார்களே?

ஏடுதேடி

பேசினார்கள். விசாரணையும் நடந்தது, 1317இல் குற்றமற்றவர் என்று விடுவித்தார்கள். சரியாக அந்தச் சமயத்தில் அப்படியொரு பேச்சு கிளம்பினால் யாருக்கு லாபம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். 1316இல் ரொபேர் படையோடு அர்த்துவாவுக்குள் நுழைந்து கொஞ்ச காலம் அராஸையே பிடித்து வைத்திருந்தார்.

நிலவரை

அந்த 1316 கலகத்தைப் பற்றி யாரும் எழுதாததால் சொல்கிறேன். ரொபேருக்காக நாட்டார் கொதித்தெழுந்தார்கள் என்பது பிழையான படம். நான்காம் பிலிப்பின் கடைசி நாட்களிலேயே, 1314இல், வரிச்சுமையும் அரச அதிகாரிகளின் கெடுபிடியும் தாங்காமல் பிரான்ஸ் முழுக்கப் பிரபுக்கள் சங்கம் கட்டிக்கொண்டார்கள். அர்த்துவாவில் அந்தக் கோபம் மஹோவின் வலக்கரமாக இருந்த தியெரி திரெசோன் என்ற பாதிரியார் மேல் திரும்பியது. கணக்கு, நிர்வாகம், வழக்கு எல்லாம் அவர் கையில். உள்ளூர்ப் பிரபுக்கள் கேட்டது பழைய வழமைகளை மதிக்க வேண்டும், தியெரி போக வேண்டும் என்பதுதான். ரொபேர் அந்தத் தீயில் குளிர்காய வந்தார். 1318இல் வழக்கு மறுபடி மஹோ பக்கமே முடிந்தது.

வழமைகளைக் காக்க எழுந்த பிரபுக்கள், வழமைக்கு எதிராக உரிமை கேட்டவரின் கொடியின் கீழ் நின்றார்கள்.

வழக்குமன்றம்

நிலவரை, கள்ளப்பத்திர வழக்கையும் நீங்களே எழுதுங்கள். ஆவண விஷயம் உங்களுக்குத்தான் கைவரும்.

நிலவரை

எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

1328இல் காட்சி மாறியது. நான்காம் பிலிப்பின் மூன்று மகன்களும் ஆண் வாரிசில்லாமல் இறந்து, அரச குடும்பத்தின் கிளையான வலுவா வீட்டு ஆறாம் பிலிப் அரசரானார். ரொபேரின் மனைவி அவருடைய தங்கை. அரியணை அவருக்கே என்று உரக்க வாதிட்டவர்களில் ரொபேர் முன்னால் நின்றார். கைம்மாறாக போமோனுக்கும் பியர் தகுதி வந்தது. இனிமேலாவது அர்த்துவா கைக்கு வரும் என்று நினைத்தார். அரசரும் வழக்கைத் திறக்கச் சம்மதித்தார்.

அதே 1328இல் தியெரி இறந்தார், அப்போது அவர் அராஸ் ஆயர். அவரோடு நெருக்கமாக இருந்த ஜோன் த திவியோன் என்ற பெண்ணுக்கு அவர் விட்டுச்சென்றதை மஹோ கொடுக்க மறுத்தார் என்பார்கள். அந்தப் பெண் ரொபேர் தரப்பைத் தேடிப் போனாள். கதை இப்படிக் கட்டப்பட்டது: ரொபேரின் தாய் தகப்பன் திருமணத்தின்போதே தாத்தா இரண்டாம் ரொபேர், அர்த்துவா பிலிப்புக்கும் அவர் வாரிசுகளுக்கும்தான் என்று எழுதிக்கொடுத்தார். அந்த மூலங்களைத் தியெரி ஒளித்துவிட்டார், சாகும்போது மனம் உறுத்தி இவளிடம் கொடுத்தார்.

பத்திரம் எழுதுவது பெரிய வேலையில்லை. தோலும் மையும் கிடைக்கும், பழைய எழுத்தைப் போல எழுத ஆள் கிடைக்கும். முத்திரைதான் உயிர்நாடி. அன்றைய பத்திரத்தில் கையெழுத்துக்கு மதிப்பில்லை. தோலின் அடிமடிப்பில் கோத்துத் தொங்கும் மெழுகு முத்திரைதான் பேசும். இறந்துபோன கவுன்ட்டின் முத்திரை அச்சு அவர்களிடம் இல்லை. ஆகவே உண்மையான பழைய பத்திரங்களிலிருந்து முத்திரைகளைப் பெயர்த்தெடுத்துப் புதுத் தோலில் ஒட்டினார்கள். மெழுகைச் சூடுகாட்டிப் பிரித்து மறுபடி மூடினால் நடுவே ஒரு கோடு நிற்கும். சந்தேகக் கண்ணோடு பார்ப்பவருக்கு அது தப்பாது. பத்திரங்கள் நீதிமன்றத்துக்கு வந்து நிபுணர்கள் கையில் போனதும் குட்டு உடைந்தது. திவியோன் ஒப்புக்கொண்டாள். 1331 அக்டோபரில் பாரிசில் அவளை உயிரோடு எரித்தார்கள்.

எரிந்தது அவள். ரொபேர் தப்பி ஓடினார். இந்த விவகாரத்தில் எனக்கு ஆறாத இடம் இதுதான்.

குதிரைக்குளம்பு

ரொபேருக்கு அந்தப் பத்திரங்கள் பொய்யென்று தெரிந்திருக்குமா? தாத்தா தனக்குத்தான் கொடுக்க நினைத்தார் என்று வாழ்நாள் முழுக்க நம்பிய மனிதர். அந்த நம்பிக்கைக்குத் தோதாக ஒருத்தி தாளைக் கொண்டுவந்து நீட்டினால் கேள்வி கேட்பாரா? அவரை நல்லவர் ஆக்கவில்லை. கடைசிவரை தன்னை உரிமையாளராகவே நினைத்தார் என்று மட்டும் சொல்கிறேன்.

நிலவரை

நம்பியிருக்கலாம். ஆனால் பத்திரங்கள் மேல் சந்தேகம் எழுந்த பிறகும் அவற்றைக் கைவிட அவர் மனம் ஒப்பவில்லை. 1332இல் பியர்கள் கூடிய அவையில், அவர் இல்லாமலேயே, நாடுகடத்தலும் சொத்துப் பறிப்பும் தீர்ப்பாயின. அரசரின் தங்கை என்றும் பாராமல் மனைவியையும், பிள்ளைகளையும் சிறை வைத்தார்கள்.

தென்பெண்ணை

மஹோ என்ன ஆனார்?

ஏடுதேடி

வழக்கு மறுபடி சூடுபிடித்த நேரத்தில், 1329 நவம்பர் 27இல் இறந்தார். மகள் ஜோன், ஐந்தாம் பிலிப்பின் விதவை, அர்த்துவாவை ஏற்றார். இரண்டே மாதம். 1330 ஜனவரியில் ரொய் என்ற ஊரில் அவரும் இறந்தார். இரண்டும் நஞ்சு என்று ஊர் பேசியது, இந்த முறை விரல் ரொபேரை நோக்கி நீண்டது. நிரூபணம் எதுவும் இல்லை. மஹோ மேல் வந்த பழியை ஏற்காதவன் இதையும் ஏற்க முடியாது. அதன்பின் சீமை ஜோனின் மகள் இன்னொரு ஜோனுக்குப் போனது. அவர் கணவர் பர்கண்டி டியூக் ஓடோ.

மஹோவின் ஆட்சிக் கணக்கேடுகள் பெருமளவு அராஸ் ஆவணக் காப்பகத்தில் தப்பியிருக்கின்றன. யாருக்கு என்ன துணி வாங்கினார், எந்த மருத்துவமனைக்கு எவ்வளவு கொடுத்தார், ஏதேன் கோட்டைப் பூங்காவில் தகப்பனார் வைத்த இயந்திரப் பொம்மைகளைப் பழுதுபார்க்க என்ன செலவு, எல்லாம் இருக்கிறது. விருந்தாளிகளை நனைக்கும் நீர்ப்பொறிகளுக்குப் பேர்போன அந்தக் கோட்டையை 1553இல் ஐந்தாம் சார்லசின் படை தரைமட்டமாக்கியது. நாவல்களில் வரும் நஞ்சுக்காரியைத் தேடிப் போகிறவர்களுக்கு இந்த ஏடுகளில் கிடைப்பது கணக்கில் கறாரான ஒரு ஆட்சியாளர்.

குதிரைக்குளம்பு

சரி, இந்தச் சீமைத் தகராறுதான் நூறாண்டுப் போரை மூட்டியதா? 1337 மே மாதம் ஆறாம் பிலிப் இங்கிலாந்து அரசரிடமிருந்து தென்மேற்குப் பிரான்சின் குயேன் சீமையைப் பறிமுதல் செய்தபோது சொன்ன காரணமே, ரொபேருக்கு அடைக்கலம் கொடுத்தார் என்பதுதானே?

ஏடுதேடி

சொன்ன காரணம் அதுதான். ஆனால் குயேன் யாருக்கு, எந்த நிபந்தனையில் என்ற சண்டை அதற்கு முன் எத்தனையோ முறை வெடித்திருக்கிறது. 1294இலும் 1324இலும் இதே பறிமுதல் நடந்தது, அப்போது ரொபேருக்கு அடைக்கலம் என்ற பேச்சே இல்லை. அவர் இல்லாவிட்டாலும் வேறு சாக்கு கிடைத்திருக்கும். பிரபான்ட், நமூர் என்று அலைந்து கடைசியில் இங்கிலாந்து அரசர் மூன்றாம் எட்வர்டிடம் போய்ச் சேர்ந்தார். 1340 ஜூலையில் எட்வர்டின் படையோடு சேன்-தொமேர் மதிலுக்கு வெளியே வந்து நின்றார். தனக்கென்று உரிமை கோரிய அதே மண்ணில்! உள்ளே இருந்து காத்தவர் டியூக் ஓடோ. அந்த ஊர் மக்கள் ரொபேருக்குக் கதவு திறக்கவில்லை. தோற்றுத் திரும்பினார்.

வழக்குமன்றம்

அவர் சாவை யாரும் சொல்லவில்லையே. சட்டக் கேள்வி அங்கேதான் சுற்றிவளைத்து மறுபடி வருகிறது.

1341இல் பிரித்தானி டியூக் பிள்ளையில்லாமல் இறந்தார். முன்பே இறந்த தம்பியின் மகள் ஒரு பக்கம், தகப்பனின் இரண்டாம் மனைவிக்குப் பிறந்து உயிரோடிருக்கும் தம்பி மோன்ஃபோர் ழான் மறுபக்கம். அச்சில் வார்த்ததுபோல அர்த்துவாவின் அதே கேள்வி. அரசர் ஆறாம் பிலிப் இம்முறை இறந்த தம்பியின் மகள் பக்கம் தீர்ப்பளித்தார், அவள் கணவர் அரசரின் தங்கை மகன். எட்வர்டு மோன்ஃபோரை ஆதரித்தார். எட்வர்டின் படையோடு 1342இல் பிரித்தானி போய், வான் நகரச் சண்டையில் காயம்பட்டு, அதனால் இறந்தவர் நம் மூன்றாம் ரொபேர். இறந்த தகப்பனின் இடம் தனக்கு வேண்டும் என்று நாற்பது ஆண்டு போராடியவர், அதே உரிமையைக் கேட்ட ஒரு பெண்ணுக்கு எதிராகப் போரிட்டு உயிர்விட்டார்.

அதோடு முடியவில்லை. ஓடோ, ஜோன் தம்பதியின் ஒரே மகன் 1346இல் முற்றுகைப் போரில் இறந்தார். பேரன் ரூவ்ர் பிலிப் கைக்குழந்தையாகவே அர்த்துவாவுக்கும் இரண்டு பர்கண்டிகளுக்கும் (டியூக் ஆளும் பர்கண்டி, கவுன்ட் ஆளும் பர்கண்டி) வாரிசானான். போட்டிக்கு வேறு பிள்ளை இல்லாததால் வழமை குறுக்கே நிற்கவில்லை. அவனும் 1361 நவம்பரில், பதினைந்து வயதில் இறந்தான். டியூக் பர்கண்டிக்கு இரண்டு பேர் கை நீட்டினார்கள். நவார் அரசர் சார்ல் மூத்த அத்தைப்பாட்டியின் பேரன். பிரான்ஸ் அரசர் இரண்டாம் ழான் இளைய அத்தைப்பாட்டியின் மகன், ஆகவே ஒரு படி கிட்ட. கிட்டிய உறவே மேல் என்று சொல்லி ழான் தானே எடுத்துக்கொண்டார். பிரித்தானியில் தகப்பன் ஆறாம் பிலிப் மறுத்த விதியை, பர்கண்டியில் மகன் ழான் கையிலெடுத்தார்.

குதிரைக்குளம்பு

அக்கா, இதைத்தானே நான் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்! விதி எதுவானாலும் அரசருக்கு வாகாகத்தான் முடிகிறது.

வழக்குமன்றம்

பாதி உண்மை. ஆனால் அரசர் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு வழமையைக் காட்டியாக வேண்டியிருந்தது என்பதையும் பாருங்கள். அதே 1361இல் அர்த்துவா யாருக்குப் போனது? அதை ழான் தொடவில்லை. ஐந்தாம் பிலிப்பின் இரண்டாவது மகள் மார்கரெட்டுக்கு, அதாவது மஹோவின் பேத்திக்கு, முறைப்படி போனது. கிரெசி போரில் இறந்த ஃபிளாண்டர்ஸ் கவுன்ட்டின் விதவை அவர். வெறும் பலம்தான் சட்டமென்றால் அந்தக் கிழவியிடமிருந்து பறிக்க எவ்வளவு நேரமாகும்?

தென்பெண்ணை

அதன்பிறகு சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள், என் குறிப்பேட்டில் அந்த இடம் காலியாக இருக்கிறது.

ஏடுதேடி

மார்கரெட் 1382இல் இறந்தார். மகன் மால் லூயிக்கு இரண்டு ஆண்டுகூடக் கிடைக்கவில்லை, 1384 ஜனவரியில் போனார். அவருடைய ஒரே மகள் இன்னொரு மார்கரெட், சிறுமியாக ரூவ்ர் பிலிப்புக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டு விதவையானவள். 1369இல் புதிய பர்கண்டி டியூக் துணிந்த பிலிப்பை மணந்திருந்தாள். ஆக அர்த்துவா மறுபடி பர்கண்டியோடு சேர்ந்தது. 1477இல் நான்சியில் துணிந்த சார்ல் விழுந்ததும் பதினொன்றாம் லூயி அராஸைப் பிடித்து, பணியாத ஊர்மக்களை வெளியேற்றி, ஊரின் பெயரையே மாற்றிப் பார்த்தார். 1493இல் சென்லிஸ் உடன்படிக்கையில் சீமை ஹாப்ஸ்பர்க் வீட்டுக்குப் போனது. 1659 பிரனீஸ் உடன்படிக்கையில் பெரும்பகுதி பிரான்சுக்குத் திரும்பியது. சேன்-தொமேரும் ஏரும் 1678 வரை காத்திருந்தன.

குதிரைக்குளம்பு

கடைசியாக ஒன்று. ரொபேரின் சிறைபட்ட பிள்ளைகள்?

நிலவரை

விடுதலையானார்கள். 1350இல் இயூ கவுன்ட் ரவூல் தலை வெட்டப்பட்டபின் அந்தச் சீமை ரொபேரின் மகன் ழானுக்கு வந்தது. ழானின் பேரன் சார்ல், அஜன்கூர் போரில் பிடிபட்டு இருபது ஆண்டுக்கும் மேல் இங்கிலாந்துச் சிறையில் கிடந்தவர். 1472இல் பிள்ளையில்லாமல் அவர் இறந்ததோடு அந்தக் கிளை முடிந்தது.

அந்த சார்லின் சகோதரி, போன் என்று பெயர், அவர் ரொபேரின் கொள்ளுப்பேத்தி. 1424இல் பர்கண்டி டியூக் நல்ல பிலிப்பை மணந்தார். அப்போது அர்த்துவா கவுன்ட்டும் பிலிப்பே. ஆக ரொபேரின் ரத்தத்தில் ஒருத்தி அர்த்துவாவின் கவுன்டஸ் ஆனாள். மறு ஆண்டே இறந்தார், பிலிப்போடு பிள்ளை இல்லை. அடுத்த வாரிசு பிலிப்பின் மூன்றாவது மனைவி போர்ச்சுகல் இசபெல்லுக்குப் பிறந்த சார்ல்.